மாப்பிள்ளை கேட்ட கேள்வி



போன மாதம் முழுக்க நான் எதுவும் எழுதவில்லை. "டீச்சர், உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று ஏழெட்டுப் பேர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒரு பெரிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அது முடியாமல் எழுத உட்கார மனம் வரவில்லை. இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். உங்களில் பலர் இதே யோசனையில் இருக்கிறீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று போய்விட்டவர்களும் இருக்கிறீர்கள். யாருக்காவது உதவும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேரன் சோபாவில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அத்தை, நாங்க ரெயூனியன் போயிடலாமான்னு யோசிக்கிறோம். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

எனக்குக் கையில் இருந்த வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது. ஆனாலும் முப்பது வருடம் வகுப்பில் நின்றவள் அல்லவா? முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, வேலையில ஏதாவது கஷ்டமா?"

"வேலை நல்லாத்தான் இருக்கு அத்தை. சம்பளத்துக்காக இல்ல. வெளியில வாழணும். மலை ஏறணும், கடல்ல நீந்தணும். இவனுக்கு ஒன்பது வயசாகுது. இன்னும் ஒரு மரம் ஏறினதில்ல. பள்ளிக்கூட வேன், டியூஷன், போன். நானும் அப்படித்தான். பைக், ஆபீஸ், டிவி."

பணத்துக்காகப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்திருக்கும். மரம் ஏறுவதற்காக ஒருவர் நாடு விட்டுப் போக நினைப்பதை இப்போதுதான் கேட்கிறேன்.

வெளியூரில் இருக்கிற உறவுகளுக்கு ஒரு விளக்கம். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், நம் ஊர்ப் பேச்சில் சொல்தா. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஆறு மாதத்துக்குள், "எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்" என்று இங்கே இருந்தவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் தானாக இந்தியக் குடிமக்கள். சுமார் ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் தாத்தா கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. "கிணத்தையும் தென்னையையும் விட்டுட்டு எங்கடி போறது?" என்றாராம். அம்மா அடிக்கடி சொல்வார்.

அந்தக் கிணறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதே சாரத்தில்தான். வீட்டுக்குப் பின்னால் கிணறு, நாலு தென்னை, அதற்கப்பால் காலி மனைகள். பள்ளிக்கூடம் விட்டால் இருட்டும் வரை அங்கேதான். இன்று கிணறு இருந்த இடத்தில் பக்கத்து அடுக்குமாடியின் கார் நிறுத்தம். காமராஜர் சாலையைக் குறுக்கே கடக்க நானே பத்து நிமிடம் நிற்கிறேன். பேரனைத் தனியாக விடுவேனா? அப்பா எதற்காக இங்கே தங்கினாரோ அது இன்று இல்லை. அதனால் மாப்பிள்ளை கேட்டதை என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

அன்று இரவு பழைய வழக்கப்படி ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை. ஐந்தாம் வகுப்பில் "கிராமமா, நகரமா" என்று உங்களைப் பேச வைப்பேனே, அதே முறை. மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் சேன் பியேரில் இருக்கிறார். மாப்பிள்ளை இரண்டு முறை போய் வந்திருக்கிறார். அவர்களிடம் கேட்டும், நானே படித்தும் ஒரு வாரம் அந்தத் தாளை நிரப்பினேன்.

முதலில் நன்மை.

ரெயூனியன், இந்துமாக்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிற பிரெஞ்சுத் தீவு. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், நம் யூனியன் பிரதேசத்தைப் போல ஐந்து மடங்கு. மக்கள்தொகையோ ஏறக்குறைய ஒன்பது லட்சம்தான். நடுவில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை. இன்னொரு பக்கம் உயிரோடு இருக்கிற எரிமலை, கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா உயரம். உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கிற எரிமலைகளில் அதுவும் ஒன்று. வெடிக்கும்போது மக்கள் பயந்து ஓடுவதில்லையாம், சோறு கட்டிக்கொண்டு பார்க்கப் போகிறார்களாம். தீவின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு தேசியப் பூங்கா. 2010-இல் யுனெஸ்கோ அந்த மலைகளை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. மஃபாத் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதற்குள் சாலையே கிடையாது. உள்ளே இருக்கிற ஊர்களுக்கு நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். நடைபாதைகளை அடையாளமிட்டுப் பராமரிக்கிறார்கள். மேற்குக் கரையில் பவளப்பாறை அரண் போட்டது போல இருப்பதால், அதற்கு உட்பட்ட ஆழமில்லாத தண்ணீரில் சிறு பிள்ளைகள்கூட நீந்தலாம்.

சித்தப்பா மகனின் பெண்ணுக்குப் பதினொரு வயது. புதன்கிழமை மதியம் பள்ளி கிடையாது, ஹேண்ட்பால் விளையாடப் போய்விடுவாள். அங்கே ஊருக்கு ஊர் விளையாட்டுச் சங்கங்கள் உண்டு. 1901-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சங்கச் சட்டப்படி பதிவு செய்து, குறைந்த சந்தாவில் நடத்துகிறார்கள். விளையாட்டு அங்கே படிப்புக்குப் போட்டி இல்லை. இதைக் கேட்டபோதுதான் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. பரீட்சை வந்தால் விளையாட்டு பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்ட டீச்சர்களில் நானும் ஒருத்தி. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு நன்மை, தூரம். பிரான்சுக்குப் போனவர்களைப் போல அவ்வளவு தொலைவு இல்லை. நேரமும் நம்மைவிட ஒன்றரை மணிதான் பின்னால். அவன் ஆறு மணிக்கு எழுந்தால் எனக்கு ஏழரை. போனில் பேசத் தோதான நேரம். குளிரும் பனியும் இல்லை. நம் மாங்காய், பலா, முருங்கை எல்லாம் காய்க்கிற மண். ஊருக்கு ஊர் நம் தெய்வங்களின் கோயில்கள், தீமிதி, காவடி.

அந்தக் கோயில்களை யார் கட்டினார்கள் என்று நினைத்தபோது பேனா வலப்பக்கம் போய்விட்டது.

1848 டிசம்பரில் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். நடத்தின விதம் அவ்வளவு மோசமாக இருந்ததால் 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. போனவர்களில் நிறையப் பேர் திரும்பவே இல்லை. அவர்கள் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று அங்கே மலபார் என்று அழைக்கப்படுகிறவர்கள். பெயரில் ராமசாமியும் முத்துசாமியும் இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. பேச்சு கிரியோல். சாமி தங்கியது, பேச்சு போய்விட்டது. அவர்களும் ஒரு வகையில் வெளியில் வாழப் போனவர்கள்தான், வெயிலில், கரும்பு வெட்ட. இன்று நம் பையன் மலை ஏறப் போகிறான். காலம் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தமிழ் அங்கே தானாகத் தங்காது என்பதற்கு நூற்றைம்பது வருட சாட்சி இருக்கிறது. இதை முதல் தீமையாக எழுதினேன்.

இரண்டாவது, வேலை. பிரான்சின் பெருநிலத்தைவிட இருமடங்குக்கும் மேல் வேலையின்மை உள்ள தீவு அது. மாப்பிள்ளைக்கு ஏசி, குளிர்பதன வேலை நன்றாகத் தெரியும். கைத்தொழில்காரருக்கு வேலை கிடைக்கும் என்று சித்தப்பா மகன் சொல்கிறார். ஆனால் இங்கே வாங்கிய டிப்ளமோவை அங்கே ஏற்பார்களா என்பது தனிக் கேள்வி.

மூன்றாவது, விலைவாசி. சாப்பாட்டுச் சாமான்கள் பெருநிலத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் விலை. எல்லாம் கப்பலில் வர வேண்டும்.

நான்காவது, அந்த "வெளி"யே. படத்தில் பார்க்கிற கடல் முழுவதும் இறங்கக் கூடியதில்லை. 2011-க்குப் பிறகு சுறா கடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 2013-லிருந்து பவளப்பாறைக்கு உட்புறமும், காவல் போட்ட இடங்களும் தவிர மற்ற இடங்களில் நீந்தத் தடை. மழையோ, 1966 ஜனவரியில் அந்த மலைப்பகுதியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது உலக சாதனை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது நம் ஊரில் பெய்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அதற்கே ரெயின்போ நகரில் படகு விட்டார்கள். 2025 பிப்ரவரியில் கரான்ஸ் புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. சிக்குன்குனியா 2005-06-இல் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வந்தது, 2025-இல் மறுபடியும் பரவியது. கொசுவுக்குப் பயந்து அங்கே போக முடியாது, இங்கே இருக்கவும் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாகத் தெரிந்துகொண்டதுதான் என்னை யோசிக்க வைத்தது. இவ்வளவு மலையும் கடலும் இருக்கிற அந்தத் தீவில் சர்க்கரை நோய் பிரான்சின் பெருநிலத்தைப் போல இருமடங்கு. சாலைகளில் கார் நெரிசல் பிரசித்தம். காலையில் வேலைக்குப் போக ஒரு மணி, திரும்ப ஒரு மணி என்று காரிலேயே உட்கார்ந்திருக்கிறவர்கள் ஏராளம். வாசலில் மலை நின்றால் மட்டும் மனிதன் ஏறிவிடுவதில்லை. நம் கடற்கரைச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டியே விடுவதில்லை. காசில்லாமல் நடக்கலாம். சாரத்திலிருந்து பத்து நிமிடம். எங்கள் வீட்டில் கடைசியாக எப்போது போனோம் என்று கேட்டேன். சென்னையிலிருந்து விருந்தாளி வந்தபோது என்றாள் மகள். அதுவும் ஐஸ்கிரீம் சாப்பிட.

தாள் நிரம்பியது. இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். பள்ளிக்கூடத்தில் என்றால் "இரு அணியும் சிறப்பாகப் பேசின" என்று சொல்லி மணி அடித்துவிடுவேன். வீட்டில் அப்படி முடியாது.

அப்போது ஆரோவில் நினைவுக்கு வந்தது. வெளியில் வாழ்வதற்காகத் தாய்நாட்டை விட்டு வந்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்களே. 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் வெறும் செம்மண் பொட்டல். வெயில் தாங்காது. வந்தவர்கள் கீற்றுக் குடிசையில் இருந்துகொண்டு, மழைநீருக்கு வரப்புப் போட்டு, கன்று நட்டு, சைக்கிளிலும் வண்டியிலும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். சுற்றுக் கிராமத்து நம் ஆட்களும் கூட நின்று உழைத்தார்கள். இன்று அது காடு. வந்தவர்களில் திரும்பிப் போனவர்களும் நிறைய. அந்த மண்ணில் ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் தங்கினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சும்மா அழகு பார்க்க வந்தவர்களுக்கு இரண்டு கோடை போதுமாக இருந்திருக்கும்.

ஆக, இவர்களுக்கு அந்தப் பிடிப்பு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பரீட்சை.

"மாப்பிள்ளை, அங்க போய் வாழப்போற வாழ்க்கையை முதல்ல இங்க எட்டு வாரம் வாழ்ந்து காட்டுங்க. வாரத்துக்கு அஞ்சு காலை வெளியில. ஞாயித்துக்கிழமை அரை நாள் வெளியில. மூணு பேரும். நான் அட்டண்டன்ஸ் எடுக்கிறேன்" என்றேன்.

சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். பிப்ரவரி முதல் வாரம் தொடங்கினோம். பழைய வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று பெயரும் எழுதினேன்.

லாசுப்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் ஓட்டம். கடற்கரைச் சாலையில் நடை. ஞாயிற்றுக்கிழமை ஊசுட்டேரிக்குப் போய்ப் பறவை பார்த்தார்கள். ஒரு ஞாயிறு ஆரோவில் பக்கம் சைக்கிள். பையனை நீச்சலில் சேர்த்தோம். மூன்றாம் வாரம் ஒரு நாள் சைக்கிளில் போகும்போது பின்னால் வந்த பைக் உரசி, பையன் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். நல்லவேளை, அதோடு போயிற்று. அன்றிலிருந்து சாலையில் சைக்கிள் இல்லை. மார்ச் இரண்டாம் வாரத்துக்கு மேல் ஏழரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. தெருநாய்த் தொல்லை வேறு. மாப்பிள்ளை ஒரு குச்சி எடுத்துக்கொண்டுதான் போவார்.

எட்டு வாரம், நாற்பது காலை. முடிவில் நோட்டைக் கூட்டினேன். மாப்பிள்ளை முப்பத்தேழு. பேரன் முப்பத்தொன்று. மகள் பதினொன்று.

முதலில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது, ஒளிக்க மாட்டேன். "பார்த்தியா, உனக்கே விருப்பமில்ல. அப்புறம் எதுக்குப் போறது?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "அம்மா, எந்தெந்த நாள்னு பாரு" என்றாள்.

பார்த்தேன். முதல் நாலு வாரத்தில் இரண்டே நாள். அடுத்த நாலு வாரத்தில் ஒன்பது. நடுவில் என்ன நடந்தது? அப்போதுதான் உறைத்தது. மூன்று டிபன் டப்பா, எனக்குக் காலைக் கஞ்சி, அவளுக்கு எட்டேகாலுக்குக் கல்லூரிப் பேருந்து. ஐந்தரை மணிக்கு அவர்கள் இருவரும் ஷூ மாட்டும்போது இவள் அடுப்படியில் நின்றாள். ஐந்தாம் வாரத்திலிருந்து மாப்பிள்ளை இரவே காய் நறுக்கி வைத்தார். வாரம் இரண்டு நாள் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். அவள் வெளியே வந்தாள். முப்பது வருடம் எத்தனையோ வருகைப் பதிவேடு எழுதியிருக்கிறேன். வராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்காமல் 'ஆ' போட்ட நாட்களும் உண்டு. சொந்த மகளுக்கும் அதையே செய்தேன்.

அதற்குப் பிறகு என் தாளில் இல்லாத கேள்வி ஒன்றை எடுத்தேன். ரெயூனியனில் மாப்பிள்ளைக்கு மலை, பையனுக்கு ஹேண்ட்பால். இவளுக்கு என்ன? இங்கே ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகள் இவளைத் தேடி வீட்டுக்கு வருகிறார்கள். பிரெஞ்சு தெரியாமல் அங்கே போனால் வேலை கிடையாது, பேச ஆள் கிடையாது, வங்கிக்குப் போகக்கூடக் கணவன் வேண்டும். அவர்கள் இருவரும் வெளியில் வாழ, இவள் வீட்டுக்குள் அடைபடுவாள். வெளிநாட்டில் இருக்கிற என் மாணவிகள் இரண்டு மூன்று பேர் இரவில் போன் செய்து அழுதது இதற்காகத்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்குத் தெரியும்.

பையன் விஷயமும் ஒரு டீச்சராகச் சொல்கிறேன். இவன் படிப்பது ஆங்கில வழி. அப்பாவிடம் கேட்ட பிரெஞ்சு கொஞ்சம் புரியும், பேச வராது. ஒன்பது வயதுப் பிள்ளை புது மொழியைப் பிடித்துக்கொள்வான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் ஆறு மாதம் வாய் திறக்க மாட்டான். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்து, பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள் சுத்தமான தமிழில் சண்டை போடுவார்கள். அந்த ஆறு மாதத்தைப் பெற்றவர்கள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு, "இவனுக்குப் படிப்பு வரல" என்று சொல்லிவிடக் கூடாது.

போன வாரம் மூவரும் உட்கார்ந்து பேசினோம். என் தாளை அவர்கள் முன் வைத்தேன். மாப்பிள்ளை படித்தார். வலப்பக்கம் கடைசியில் பென்சிலில் சின்னதாக ஒன்று எழுதி, அழித்திருந்தேன். அழித்தது சரியாக அழியவில்லை. "நான் தனி" என்று இருந்தது. அவர் மகளைப் பார்த்தார், மகள் என்னைப் பார்த்தாள். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது கணக்குல வராது" என்றேன் நான்.

"ஏன் வராது?" என்றாள் மகள். "நீங்களும் வாங்கம்மா."

அதற்கும் யோசித்திருந்தேன். எனக்கு அறுபத்தாறு வயது. உங்கள் ஐயா போய் நாலு வருடம் ஆகிறது. எனக்கு வெளி என்றால் இந்தத் தெருதான். காலையில் வாசல் தெளிக்கும்போது நாலு பேர் "டீச்சர் சாப்டாச்சா?" என்று கேட்பார்கள். மார்க்கெட்டில் மீன்கார அம்மா என்னிடம் படித்தவள், சங்கராவுக்கு விலை சொல்லாமல் பையில் போடுவாள். அந்தத் தீவில் இவ்வளவு மலையை வைத்துக்கொண்டு, எனக்கு வணக்கம் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் நான் வீட்டுக்குள்தான் இருப்பேன். அதனால் நான் வரவில்லை, வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களைத் தடுக்கவும் இல்லை. என் அப்பா கிணற்றுக்காகத் தங்கினார். அது அவர் முடிவு. இவர்கள் முடிவு இவர்களுடையதாக இருக்கட்டும். என் தனிமையைக் காரணமாக வைத்து அவர்களை இருத்திவிட்டால், பேரன் போனோடு சோபாவில் படுத்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு நானும்தான் இருக்க வேண்டும்.

முடிவு இதுதான். போகிறார்கள். ஆனால் உடனே இல்லை, அடுத்த வருடம் ஆகஸ்டில். அங்கே பள்ளி ஆண்டு ஆகஸ்ட் நடுவில்தான் தொடங்குகிறது. அதற்குள் நாலு காரியம்.

ஒன்று, மாப்பிள்ளைக்கு வேலைக்கான கடிதம் கையில் வர வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது வேண்டாம்.

இரண்டு, மகள் பிரெஞ்சு கற்க வேண்டும். 1889 முதல் நம் ஊரில் இருக்கிற அலியான்ஸ் பிரான்சேஸ் இதற்குத்தானே இருக்கிறது? போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டாள். பையனும் அவளோடு வீட்டுப்பாடம் செய்கிறான். அம்மாவுக்குத் தப்புக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு ஏக குஷி.

மூன்று, பையனுக்குத் தமிழ். வாரம் மூன்று நாள் வீடியோவில் நான் வகுப்பு எடுப்பேன். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். விடுமுறையில் மலை ஏறினால் அதைப் பற்றிப் பத்து வரி தமிழில் எழுதி ஆயாவுக்கு அனுப்ப வேண்டும்.

நான்கு, இரண்டு வருடம் மாடியை வாடகைக்கு விடப்போவதில்லை. திரும்ப விமானச் சீட்டுக்கான பணத்தைத் தனியாகப் போட்டு வைக்க வேண்டும். திரும்பி வருவது தோல்வி இல்லை என்று பையன் முன்னாலேயே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். வர முடியும் என்று தெரிந்தால்தான் அங்கே நிம்மதியாக இருக்க முடியும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளியில் வாழ்வதற்காகவே போனவர்கள், இல்லை வேறு காரணத்துக்குப் போய் அங்கே போன பிறகு மலையும் கடலும் பழகியவர்கள், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். போய் இரண்டு வருடம் கழித்தும் ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிறீர்களா? வீட்டில் எல்லோரும் வருகிறார்களா, ஒருவர் மட்டும் அடுப்படியில் நிற்கிறாரா? உள்ளபடி எழுதுங்கள். மாப்பிள்ளையும் மகளும் படிப்பார்கள்.

வருகைப் பதிவேட்டை நிறுத்தவில்லை. நாலாவது வரியில் என் பெயரையும் எழுதியிருக்கிறேன். ஹெலிபேடில் பேரன் மூன்று சுற்று ஓடும்போது நான் ஒரு சுற்று நடக்கிறேன். இன்றோடு ஆறு நாள். முட்டி கொஞ்சம் வலிக்கிறது, பரவாயில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்,
சாரம், புதுச்சேரி.